ஏலத்தோட்ட ஜீப்புக்கும் வீட்டுக் காருக்கும் சிந்தெடிக் ஆயில் தேவையா?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் பழைய டீசல் ஜீப் ஒன்று, காய் மூட்டை ஏற்ற பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) பிக்கப் ஒன்று, வீட்டுக்குப் புதிய பெட்ரோல் கார், ஒரு பைக். இவற்றின் இன்ஜின் ஆயிலைப் பற்றித்தான் கேள்வி. "எல்லாத்துக்கும் ஃபுல் சிந்தெடிக் ஊத்துங்க, 20,000 கிலோமீட்டருக்கு மாத்தவே வேண்டாம்னு கடையில சொல்றாங்க. ஊத்தலாமா அண்ணே? ஒரே பெரிய டின்னா வாங்கி நாலுக்கும் பிரிச்சுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிக்கப்புக்கும் காருக்கும் சிந்தெடிக் ஊற்றுங்கள். பழைய ஜீப்புக்கு அந்தச் செலவு வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல மினரல் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுங்கள். பைக்குக்குத் தனி ஆயில். ஒரே டின் என்ற பேச்சே கூடாது. 20,000 கிலோமீட்டர் கணக்கு நம் மலைக்கு ஒத்துவராது. இவ்வளவுதான் பதில் என்றாலும், காரணம் தெரியாமல் விட்டால் அடுத்த முறை கடைக்காரர் வேறு ஒரு டின்னைக் காட்டும்போது மறுபடி குழம்புவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எந்த ஆயில் டின்னிலும் அடிப்படை ஆயிலும் அதில் கலந்த அடிட்டிவ் என்ற ரசாயனச் சேர்மானங்களும்தான் இருக்கும். அடிப்படை ஆயிலை ஏபிஐ, அதாவது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டும் கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்து எடுப்பவை, நாம் மினரல் என்று சொல்வது இவற்றைத்தான். மூன்றாவதும் கச்சா எண்ணெயிலிருந்து வருவதுதான். ஆனால் அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி, அதன் மூலக்கூறுகளையே உடைத்துச் சீராக்கியிருப்பார்கள். நான்காவது பிஏஓ, ரசாயனக் கூடத்தில் சிறு மூலக்கூறுகளைக் கோத்துச் செய்வது. எஸ்டர் போன்ற மற்றவை எல்லாம் ஐந்தாவது. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் என்ற இரண்டு ஆயில் நிறுவனங்களுக்கு இடையே இதில் பெரிய தகராறு வந்தது. மூன்றாம் குரூப்பைச் சிந்தெடிக் என்று விற்கலாமா என்பதுதான் கேள்வி. 1999ல் அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, விற்கலாம் என்று காஸ்ட்ரால் பக்கம் முடிவு சொன்னது. அதன்பிறகு கடையில் ஃபுல் சிந்தெடிக் என்று கிடைப்பதில் பெரும்பகுதி மூன்றாம் குரூப்தான். அதில் தப்பொன்றும் இல்லை, நல்ல ஆயில்தான். ஆனால் டின்னின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் சிந்தெடிக் என்ற சொல் உங்கள் இன்ஜினுக்கு அது பொருந்துமா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தரக் குறியீடு. உங்கள் நான்கு வண்டிக்கும் நாலு விதமான குறியீடு வேண்டும், சிக்கல் முழுவதும் அங்கேதான்.

டின்னில் 15டபிள்யூ-40 என்பது போலப் போட்டிருப்பதில் டபிள்யூவுக்கு முன் இருக்கும் எண் குளிருக்கானது. 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியில் சோதிக்கிறார்கள், 5டபிள்யூவை மைனஸ் 30ல். பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. சிந்தெடிக்கைப் புகழும் வெளிநாட்டு வீடியோக்களில் ஃப்ரீசரில் வைத்து ஊற்றிக் காட்டுவார்களே, அது கனடாக்காரருக்கு உயிர்ப் பிரச்சினை. மூணாறில் ஜனவரியில் உறைபனி விழுந்தாலும்கூட 15டபிள்யூ-40 ஊற்றிய இன்ஜின் சிரமமில்லாமல் சுற்றும். கம்பத்தில் கேட்கவே வேண்டாம். மெல்லிய சிந்தெடிக் ஆயில் காலையில் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வரை கொஞ்சம் சீக்கிரம் ஏறும் என்பது உண்மைதான், ஆனால் பழைய ஜீப் இன்ஜினுக்கு அந்தச் சில விநாடிக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. சிந்தெடிக்கின் உண்மையான பலம் நமக்குச் சூட்டில்தான் தெரியும். சூட்டில் சீக்கிரம் ஆவியாகாது, கருகிப் படியாது. இது யாருக்குத் தேவை? புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ உள்ள வண்டிக்கு.

இப்போது ஜீப்புக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் தமிழக–கேரள எல்லையில் நிறையப் பேருக்குச் சோறு போடுவது அதுதான்.

கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று எங்கிருந்து கிளம்பினாலும் விடியும் முன் ஆள் ஏற்றி, நேராக மலை ஏற வேண்டும். போடிமெட்டுப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 17 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். முக்கால் தூரம் இரண்டாம் கியர், வளைவில் முதல் கியர். மேலே போனால் தார் ரோடு முடிந்து தோட்டத்து மண் ரோடு. சாயங்காலம் காய் எடுத்தவர்கள் வந்து ஏறக் காத்திருக்கும்போதும் சிலர் இன்ஜினை அணைப்பதில்லை. இந்த ஓட்டத்தைக் கிலோமீட்டரில் அளப்பதுதான் தவறு. மலையில் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால், 5,000 கிலோமீட்டர் ஓட இன்ஜின் 250 மணி நேரம் வேலை செய்திருக்கும். அதே 5,000ஐத் தேனி–மதுரை ரோட்டில் சராசரி 50ல் ஓட்டினால் 100 மணி நேரம்தான். மீட்டர் இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும், ஆயில் பட்ட பாடோ இரண்டரை மடங்கு வித்தியாசம். டிராக்டருக்கு மணிக் கணக்கில் ஆயில் மாற்றச் சொல்வது இதனால்தான், பல டிராக்டர்களுக்கு 250 மணி என்றே போட்டிருக்கும். தோட்டத்து ஜீப் ஓட்டம் காரைவிட டிராக்டருக்கு நெருக்கமானது. அதனால் உங்கள் ஜீப்புக்கு 5,000 கிலோமீட்டர் என்பதே மேல் எல்லை. சீசனில் தினமும் இரண்டு நடை அடித்தால் 4,000த்திலேயே மாற்றிவிடுங்கள்.

அந்த 250 மணி நேரத்தில் ஆயிலைக் கெடுப்பது சூடு மட்டும் அல்ல. பழைய டீசல் இன்ஜினில் பாரத்தோடு மலை ஏறும்போது கருப்புப் புகை தள்ளும், அந்தக் கரியில் ஒரு பகுதி பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் வழியாக ஆயிலுக்குள் இறங்கும். கூடவே தூசி. கோடையில் மண் ரோட்டில் முன்னால் ஒரு ஜீப் போனால் பின்னால் வருகிற வண்டியின் ஏர் ஃபில்டர் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தூசி என்பது பொடிக் கல். உள்ளே போனால் சிலிண்டரின் உள்சுவரான போரையும் ரிங்கையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். சிந்தெடிக் ஊற்றினாலும் கரி அதே அளவு இறங்கும், தூசி அதே அளவு போகும். அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் அடிட்டிவ் தீர்ந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அடிப்படை ஆயிலாக இருந்தாலும் உதவாது. அழுக்கை வெளியேற்ற ஒரே வழி பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவது. அதனால்தான் சொல்கிறேன், சிந்தெடிக்கை ஒருமுறை ஊற்றும் காசில் மினரலை இரண்டு முறை மாற்றினால் ஜீப் இன்ஜின் அதிக நாள் இருக்கும்.

ஜீப்புக்கு வாங்க வேண்டியது 15டபிள்யூ-40, பின்பக்கம் ஏபிஐ சிஐ-4 அல்லது சிஐ-4 பிளஸ். சிஐ-4 என்பது 2002ல் வந்த தரம், கரியைத் தாங்குவதில் அதற்கு முந்தைய சிஎஃப்-4, சிஎச்-4 எல்லாவற்றையும்விட மேல். கடையில் மலிவாக சிஎஃப்-4 இன்னும் கிடைக்கும், அதை எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஆயில் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பழைய ஃபில்டருக்குள் நிற்கும் கரி ஆயில் புது ஆயிலோடு கலந்துவிடும். பழைய மாடலில் ஆயில் பாத் ஏர் கிளீனர், அதாவது கிண்ணத்து ஆயிலில் தூசியைப் பிடிக்கும் ஏர் ஃபில்டர் இருந்தால், கோடையில் வாரம் ஒருமுறை கழற்றிக் கிண்ணத்தில் சேறு படிந்திருக்கிறதா என்று பார்த்துக் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்றுங்கள். இந்த வேலைக்கு ஆகும் செலவு மிகவும் கம்மி, எந்த ஆயிலையும்விட அதிக ஆயுள் தருவது இதுதான்.

ஆயில் தாங்குகிறதா இல்லையா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு முறை உண்டு. வண்டியை நிறுத்திய பிறகு, சூடு இருக்கும்போதே கேஜ் கம்பியிலிருந்து ஒரே சொட்டு எடுத்து, வழவழப்பில்லாத கெட்டித் தாளில் விட்டு, படுக்கை வசத்தில் காற்று அடிக்காத இடத்தில் வைத்துவிடுங்கள். காலையில் பாருங்கள். நடுவில் கருப்பாகத் தொடங்கி ஓரம் போகப் போகச் சாம்பல் நிறமாக மெல்ல மங்கினால் ஆயிலுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, கரியை இழுத்துக்கொண்டு பரவுகிறது என்று அர்த்தம். நடுவில் கன்னங்கரேல் என்று ஒரு பொட்டு, அதற்கு வெட்டினாற்போல ஒரு விளிம்பு, வெளியே தெளிந்த எண்ணெய் வளையம் என்று இருந்தால் கரியைத் தாங்கும் சக்தி முடிந்தது, உடனே மாற்றுங்கள். கருப்புக்கு வெளியே அகலமாக வெளிறிய வட்டம் பரவினால் டீசல் கலக்கிறது, டீசல் பாய்ச்சும் நாசிலையும் பம்பையும் பார்க்க வேண்டும். தூசியையும் இரும்புத் துகளையும் இதில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நிறம் கருத்துவிட்டது என்பதற்காக மட்டும் ஆயிலை மாற்ற வேண்டியதில்லை. டீசல் இன்ஜினில் புது ஆயில் சில நாளிலேயே கருக்கும், கரியைத் தன்னில் வாங்கிக்கொள்கிறது என்பதற்கு அது அடையாளம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சீசனில் ஜீப்பில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவது இந்த மலையில் எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாரத்தில் இன்ஜின் கொதிக்கிறது என்பதற்காக ஆயிலை மாற்றி யோசிக்காதீர்கள், ஆளைக் குறையுங்கள்.

பிக்கப் கதை வேறு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு பெரும்பாலான டீசல் வண்டிகளில் புகை வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். எரியாமல் தங்குவது சாம்பல். சாம்பல் எங்கிருந்து வருகிறது? இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும் ஆயிலில் உள்ள உலோக அடிட்டிவ்களிலிருந்து. ஜீப்புக்கு நான் சொன்ன சிஐ-4 ஆயிலில் அந்தச் சாம்பலுக்கு உச்ச வரம்பே கிடையாது. அதற்குப் பின் வந்த ஏபிஐ சிகே-4 தரத்தில் சல்பேட்டட் ஆஷ் என்று போடும் இந்தச் சாம்பல் அளவு ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஐரோப்பிய கார் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஏசிஇஏ வகுத்த சி3 தரத்தில் 0.8 சதவீதம். ஜீப்புக்கு நல்லதாக இருக்கும் ஆயிலையே பிக்கப்பில் ஊற்றிப் பழகினால், ஒருநாள் டிபிஎஃப் அடைத்து வண்டி இழுக்காமல் நிற்கும். புது டிபிஎஃப் விலையைக் கேட்டுப் பாருங்கள், ஒரே டின் வாங்கி மிச்சம் பிடிக்கும் எண்ணமே வராது. பிக்கப்பின் புத்தகத்தில் எந்தக் குறியீடு போட்டிருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

டிபிஎஃப் வண்டியில் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கேஜில் ஆயில் மட்டம் ஏறுவது. கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசல் பாய்ச்சும். அது பாதியில் நின்றால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். தோட்டத்திலிருந்து குடோன் வரை குட்டிக் குட்டி ஓட்டமாக ஓட்டி, எரிக்கும் நேரத்தில் அணைத்துக்கொண்டே இருந்தால் இது நடக்கும். ஆயில் குறையாமல் இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். கேஜில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், கம்பியை மோந்தால் டீசல் வாசம் அடித்தால், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். புத்தடிக்கோ போடிக்கோ ஏலத்துக்குக் காய் கொண்டுபோகும் நாளில் வண்டி நன்றாகச் சூடேறி நீள ஓட்டம் ஓடும், அந்த ஓட்டத்தில் எரியும் வேலை முடிந்துவிடும். டிபிஎஃப் விளக்கு எரியும்போது இடையில் நிறுத்தாதீர்கள்.

இதே பிக்கப்பில் டர்போவும் இருக்கிறது. மலை ஏறி முடித்தவுடன் டர்போவின் உள்பாகம் கொதித்துக்கொண்டிருக்கும். அப்போது சட்டென்று சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்று, பேரிங்கில் தங்கிய ஆயில் அங்கேயே கருகும். சிந்தெடிக் இதை நன்றாகத் தாங்கும், ஆனாலும் மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் (நின்றபடியே இன்ஜின் மெதுவாக ஓட) விட்டு அணைப்பதை டிரைவருக்குப் பழக்குங்கள்.

வீட்டுக் காருக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இப்போது வரும் சின்ன பெட்ரோல் கார்களுக்கு 0டபிள்யூ-20, சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 கூடப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு மெல்லிய ஆயிலை மினரலில் செய்ய முடியாது, எனவே அது சிந்தெடிக்காகத்தான் இருக்கும். "இவ்வளவு தண்ணியா இருக்கே, நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா?" என்று பயந்து பட்டறையில் 20டபிள்யூ-50 ஊற்றிவிடுகிறார்கள். அந்த இன்ஜினின் ஆயில் பம்ப், பேரிங் இடைவெளி, வால்வு டைமிங் எல்லாம் மெல்லிய ஆயிலுக்காகவே அமைக்கப்பட்டவை. தேவையில்லாத இடத்தில் கெட்டி ஆயில் போட்டால் மைலேஜ் குறையும், காலையில் மேலே ஏறத் தாமதமாகும். பின்பக்கம் ஏபிஐ எஸ்பி என்று இருந்தால் 2020ல் வந்த தரம், தாராளமாக ஊற்றலாம். அதோடு, கார் வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்பதால் ஆயிலை இரண்டு வருடம் விடாதீர்கள். குறுகிய ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூடு ஏறாது, தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலில் தங்கும். மழைக்காலத்தில் ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் போல வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பைக்கில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில். கார் ஆயிலில், அதுவும் மைலேஜுக்கென்று வரும் மெல்லிய ஆயிலில், வழுக்கலைக் கூட்டும் அடிட்டிவ் இருக்கும். அதை ஊற்றினால் கிளட்ச் தட்டு வழுக்கும், மேட்டில் ஆக்சிலேட்டர் முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகராது. பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டதை மட்டும் வாங்குங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு ஜாசோ எம்பி. சாதாரண நூறு சிசி வண்டிக்குச் சிந்தெடிக் அவசியமில்லை.

இனி அந்த 20,000. சில நாடுகளில் சில வண்டிகளுக்கு நிறுவனமே அவ்வளவு தூரம் கொடுத்திருப்பது உண்மை. அது சமவெளி, நீள ஓட்டம், சுத்தமான காற்று, நிறுவனம் குறித்த ஆயில் என்ற நிபந்தனைகளோடு. அதே புத்தகத்தில் கடினமான பயன்பாடு என்று ஒரு பக்கம் இருக்கும்: தூசி, மலை, பாரம், அதிக ஐடில், குறுகிய ஓட்டம். நம் ஓட்டத்தில் இவை அத்தனையும் உண்டு. பிக்கப்புக்கு நிறுவனம் 10,000 என்று சொன்னால் நீங்கள் 7,000ல் மாற்றுங்கள். வாரண்டி இருக்கும் வண்டியில் நிறுவனம் சொன்னதைவிட நீட்டினால், இன்ஜின் வேலை வரும்போது பில் முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

சிந்தெடிக்குக்கு மாறினால் ஒழுகும் என்று பட்டறைகளில் ஒரு பேச்சு இருக்கிறது. நல்ல சீல் இருக்கும் இன்ஜினில் அப்படி நடக்காது. பழைய ஜீப்பில் ஏற்கனவே காய்ந்து விரிந்த சீலை அழுக்கு அடைத்திருக்கும். மெல்லிய, சுத்தம் செய்யும் ஆயில் அந்த அழுக்கைக் கரைத்ததும் ஒழுகல் வெளியே தெரியும், அப்போது மாற்ற வேண்டியது சீலைத்தான். அவசரத்துக்கு மினரலையும் சிந்தெடிக்கையும் கலந்து டாப் அப் செய்தால் தயிராகத் திரியாது, ஒன்றோடொன்று கலக்கும். குறைவாக இருக்கும் ஆயிலோடு மலை இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் கலந்த பிறகு தரம் மட்டமானதன் தரம்தான், அடுத்த மாற்றத்தைச் சீக்கிரம் செய்துவிடுங்கள். ஆயிலில் தனியாக ஊற்றச் சொல்லி விற்கும் குப்பி மருந்துகளை வாங்காதீர்கள். ஓட்டம் அதிகமான பழைய இன்ஜினில் ஃப்ளஷ் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம், மொத்தமாகக் கிளம்பும் கசடு ஆயில் பம்பின் வலையில் போய் அடைத்துக்கொள்ளும்.

பேரலிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் பக்கம் போகாதீர்கள், அதில் என்ன இருக்கிறது என்று ஊற்றுகிறவருக்கே தெரியாது. அங்கீகரிக்கப்பட்ட கடையில் சீல் உடையாத டின்னாக வாங்கி, மூடி வளையம், பேட்ச் எண், தயாரித்த மாதம் மூன்றையும் பார்த்து, உங்கள் கண் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள். பில்லில் வண்டி எண்ணையும் அன்றைய கிலோமீட்டரையும் எழுதி வாங்கி, ஜீப்புக்கு மட்டும் பின்னால் மணிக் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். காலி டின்னைப் பழைய இரும்புக்குப் போடும் முன் திருப்புளியால் அடியில் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள், போலி ஆயில் அடைப்பவர்கள் தேடி வாங்குவது ஓட்டை இல்லாத அசல் டின்களைத்தான்.